ஆளுக்கு ஒரு சுற்று

"இல்ல இல்ல, பல்லக் கடிச்சுக்கிட்டுச் சத்தம் போடு," என்றார் தங்கராஜு. "வாயத் திறந்து போட்டா அது லோரி."

எதிரே உட்கார்ந்திருந்தவர் தெலுக் பாஹாங்கில் தோட்டம் வைத்திருப்பவர். ஐம்பது வயதைத் தாண்டியவர், இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவர். ஜார்ஜ் டவுனில் சீனி முகம்மதுவின் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை, காலை ஏழே முக்கால். வேலைக்குப் போகிற கூட்டம் சுற்றிலும் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்தார், கண்ணை மூடினார், பல்லைக் கடித்தார். "கிர்ர்ர்ர்ர்... கிட்... கிர்ர்ர்ர்" என்றார். பக்கத்து மேசைச் சீனப் பெரியவர் தன் கோப்பியைத் தூக்கிக்கொண்டு மூன்று மேசை தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

"இப்ப கிளச்ச மிதி."

தோட்டக்காரர் மேசைக்கு அடியில் இடது காலை அழுத்தினார். சத்தம் நின்றது.

"நெஜமா நின்னுச்சா, இல்ல மூச்சு முட்டி நிறுத்திட்டியா?"

"நெஜமாத்தாண்ணே. மிதிச்சா கம்முனு ஆயிடுது. விட்டா மறுபடி ஆரம்பிக்குது."

"அப்ப கிளச்சுக்கு ஒண்ணும் இல்ல. கியர்பாக்ஸுக்குள்ள முன்பக்க பேரிங் போச்சு. ஆளக் கூப்ட்டுப் பிரி. பிரிக்கிறவன் வேற ஏதாவது பேரு சொன்னா எனக்குப் போன் போடு." இவ்வளவையும் சொல்லிவிட்டுத் தங்கராஜு தன் தே தாரேக் டீயைக் கையில் எடுத்தார். அது ஆறியிருந்தது. எப்போதும் ஆறித்தான் இருக்கும்.

தங்கராஜுவுக்கு அறுபத்து மூன்று வயது. ஒல்லி உடம்பு, அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் மரப்பிடி போட்ட நீண்ட ஸ்க்ரூட்ரைவர். அதை வைத்து அவர் எந்தத் திருகையும் திருகிப் பார்த்தவர்கள் இல்லை. டிராக்டருக்கு வைத்தியம் சொல்வதுதான் அவர் தொழில். அதிலும் பழைய டிராக்டர், அதிலும் கிளச்சும் கியர்பாக்ஸும் மட்டும். எஞ்சின் புகைகிறது, ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று யாராவது வந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கால்வலியைக் காட்டியவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். ஜார்ஜ் டவுனில் டிராக்டர் ஏது என்று கேட்காதீர்கள். ஒன்றுகூடக் கிடையாது. காபிக் கடைகளும் சுவரில் வரைந்த படங்களும் அவற்றைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களும்தான் இருக்கிறார்கள். அது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை. வண்டி எதற்கு? வாய் வந்தால் போதும்.

இந்த வித்தை பட்டர்வொர்த்தில் ஒரு டிராக்டர் உதிரிப்பாகக் கடையின் கவுண்டரில் அவரைப் பிடித்துக்கொண்டது. இருபத்தேழு வருடம் அவர் அங்கே நின்றார். தோட்டத்திலிருந்தும் வயலிலிருந்தும் வருகிறவர்களுக்குப் பாகத்தின் பெயர் தெரியாது. தமிழன் ஒரு பெயர் சொல்வான், மலாய்க்காரர் ஒரு பெயர் சொல்வார், சீனத் தோட்ட முதலாளி, தவுக்கே, வேறொன்று சொல்வார், மூன்றும் தப்பாக இருக்கும். ஆனால் மூவரும் கவுண்டரில் சாய்ந்து போடுகிற சத்தம் ஒன்றாக இருக்கும். தங்கராஜு அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போவார், ஒரு பெட்டியோடு வருவார், அது பொருந்திவிடும். கடைசியில் அந்தக் கடையை மூடிவிட்டு முதலாளி ஜுருவில் கார் அலங்காரச் சாமான் கடை திறந்து, இவரையும் கூப்பிட்டார். இவர் ஒரே ஒரு நாள் போனார். அங்கே வருகிறவர்கள் இருக்கைத் துணியும் வாசனைப் புட்டியும் கேட்டார்கள், ஒருவர்கூட உறுமவில்லை. மறுநாள் போகவில்லை.

கைப்பேசியில் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினால் கேட்க மாட்டார். இது அவருடைய முதல் சட்டம். "போன் எல்லாத்தயும் பிடிச்சிக்கும் லா. கோழி கூவுறது, எஞ்சின், உன் பொண்டாட்டி திட்டுறது, எல்லாம் வரும். உன் வாயில ஆனா, உன் காத எது உறுத்துதோ அது மட்டுந்தான் வரும். எனக்கு அது போதும்." வாய்ச் சத்தத்தை ரகம் பிரித்தும் வைத்திருக்கிறார். பல்லுக்கிடையில் வந்தால் கியர்பாக்ஸ். மூக்கு வழியாக வந்தால் ரிலீஸ் பேரிங். உதடு குவிந்து காற்றாக வந்தால் கிளச் வழுக்குகிறது. தன் தப்பைத் தானே அறிந்தவன் மெதுவாகச் சத்தம் போடுவானாம். கிளச்சின்மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறவன் கிசுகிசுப்பானாம்.

மனைவி லெட்சுமிக்கு இதில் பெரிய மரியாதை ஒன்றும் இல்லை. "பாலிக் புலாவ்ல கியர் பல்லு ஒடைஞ்சா இவருக்குக் கேக்கும், அடுப்படியில நான் கத்துனா கேக்காது," என்பாள். அதைச் சொல்லும்போது தங்கராஜு பக்கத்திலேயே இருப்பார், கேட்காதவர் மாதிரி இருப்பார்.

பஸ்ஸில் போனால் ஓட்டுநருக்குப் பின்னால்தான் உட்காருவார். இப்போதைய பஸ்களுக்குத் தானே கியர் மாறும் என்பது அவருக்குச் சொந்தத் துக்கம். ஏற்றத்தில் இவருடைய இடது கால் தரையை மிதிக்கும், இடது கை காற்றில் எதையோ பிடித்து இழுக்கும். ஒருமுறை ஒரு மலாய்க்கார ஓட்டுநர் கண்ணாடியில் இதைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு முடியவில்லையா, மருத்துவமனைக்கு விடட்டுமா என்று நிஜமான கவலையோடு விசாரித்தார்.

கடைக்காரர் சீனி முகம்மது முதலில் இதையெல்லாம் தொல்லையாகத்தான் நினைத்தார். இப்போது கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே தீர்ப்புச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார். "அது ரிலீஸ் பேரிங்ண்ணே, மிதிச்சாத்தானே கத்துது," என்று கரண்டியைத் தூக்குவார். பத்தில் ஏழு சரியாக இருக்கும். "அந்த மூணுக்குத்தான் நான் இருக்கேன், பாய்," என்பார் தங்கராஜு.

தான் சொன்னது தவறியதே இல்லை என்று அவர் சொல்லிக்கொள்வார். ஒருவரும் எழுதிவைத்துச் சரிபார்த்ததில்லை என்றாலும், மறுத்தவர்களும் இல்லை. அதேபோல் அவர் வண்டியைப் போய்ப் பார்ப்பதும் இல்லை. சென்ற மாதம் வரை, ஒன்பது வருடமாக எந்த டிராக்டரையும் கண்ணால் கண்டதில்லை. முழங்கால் வலி என்று சொல்வார். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கொஞ்சம் மட்டமான வேலை என்பதுதான் உள்ளே இருக்கிற எண்ணம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அவர் போக வேண்டியதாயிற்று.

பாலிக் புலாவ் பக்கம் டுரியான் பழத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன மாரியம்மன் கோயில். வருடத்துக்கு ஒருமுறை அம்மன் ரதம் ஊரைச் சுற்றி வரும். அங்கே மாடு கிடையாது, மேட்டில் இழுக்க ஆள் பலமும் போதாது. ஆகவே யாரோ ஒரு பக்தர் கோயிலுக்கு எழுதிக் கொடுத்த பழைய சிவப்பு டிராக்டர்தான் ரதத்தை இழுக்கிறது. மற்ற நாட்களில் அது உர மூட்டையும் டுரியானும் சுமக்கும். அதை ஓட்டுகிறவள் ரூபினி, முப்பத்திரண்டு வயது. ரதத்தை மட்டும் கோயில் கமிட்டித் தலைவர் சந்திரசேகரனின் மச்சான் ஓட்டிவந்தார். அவர் ஈப்போவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஓட்ட வேறு ஆள் இல்லாததால் இந்த வருடம் ரூபினி ஓட்டட்டும் என்று கமிட்டி அரை மனதாக ஒப்புக்கொண்டது. அவள் இரண்டு மாதம், டிரெய்லரில் தண்ணீர் நிரம்பிய டப்பாக்களை அடுக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் மேடேறிப் பழகினாள்.

அந்தச் சனிக்கிழமை முற்பகல் பதினொன்றரை மணிக்குத் தலைவரே தங்கராஜுவுக்குப் போன் செய்தார். விடிகாலையில் வெள்ளோட்டம் விட்டார்களாம். ரதம் மேட்டில் நின்றுவிட்டதாம்.

"அந்தப் பொண்ணு கிளச்ச எரிச்சிட்டாண்ணே. அப்பவே சொன்னேன், யாரு கேக்குறா. சாயங்காலம் ஆறரைக்கு ரதம் கெளம்பணும். நாலு மணிக்குள்ள சரியாகலன்னா என் அக்கா மகன் லோரிய எடுத்துட்டு வந்துடுவான். நீங்க ஒரு வார்த்த, கிளச் எரிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டீங்கன்னா மீட்டிங்ல எழுதிக்குவேன்."

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல சத்தத்தப் போடுங்க, தலைவரே."

சந்திரசேகரன் தபால் இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலில் கம்பீரம் உண்டு. அவர் போட்ட சத்தத்தில் கைப்பேசி மேசையில் அதிர்ந்தது. சீனி முகம்மதுகூட உதட்டைப் பிதுக்கினார்.

"இது டிராக்டர் இல்ல, சிங்கம். போன ஓட்டுன புள்ளகிட்டக் குடுங்க," என்றார் தங்கராஜு.

கொஞ்ச நேரம் சலசலப்பு. பிறகு ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "அங்கிள், நான் ரூபினி. நெஜமாவே வாயில போடணுமா? எல்லாரும் நிக்கிறாங்க."

"நிக்கட்டும். போடு."

அவள் போட்டாள். "ம்ம்ம்ம்ம்" என்று தொடங்கி, மேலே மேலே ஏறி, பாரமே இல்லாமல் ஏறி, கடைசியில் உதடு குவிந்து "ஃபூஊஊ" என்று முடிந்தது. தங்கராஜு கண்ணை மூடிக் கேட்டார். எஞ்சின் சுழல்கிறது, சக்கரம் சுழலவில்லை. கிளச் வழுக்குகிறது. நல்ல சுத்தமான சத்தம். கிசுகிசுப்பு இல்லை. இந்தப் பெண் கிளச்சின்மேல் கால் வைத்து ஓட்டுகிறவள் அல்ல என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"பெடல் எப்படிம்மா இருக்கு?"

"அதத்தான் அங்கிள் புதன்கிழமை வண்டிய எடுத்ததுலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். தொட்ட உடனேயே கனமா இருக்கு. முன்னெல்லாம் கொஞ்சம் சும்மா போயிட்டு அப்புறந்தான் பிடிக்கும். தலைவருகிட்ட சொன்னா, உனக்கு ரதம் பழக்கம் இல்ல, பயம்னு சொல்றாரு."

எடுத்த டீக் கிளாஸைத் தங்கராஜு குடிக்காமல் கீழே வைத்தார்.

ஏனென்றால் போன வாரம் இதே தலைவர் இதே வண்டிக்காகப் போன் செய்திருந்தார். கியர் போடும்போது கரகரவென்று அரைக்கிறது என்றார். கிளச் முழுதாக விடுபடவில்லை என்று தங்கராஜு கண்டுபிடித்தார், சரியாகத்தான் கண்டுபிடித்தார். பெடலிலிருந்து போகிற கம்பியில் ஒரு மரை இருக்கும், அதை ஒரு சுற்றுச் சுற்றுங்கள், போதும் என்று சொன்னார். ஒரு சுற்று. ஒரு சுற்றில் பெடலின் இடைவெளி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முழுதாகப் போய்விடாது. போகவே போகாது. ஆனால் போயிருக்கிறது. தான் ஒன்று என்றுதான் சொன்னோமா? அல்லது காது ஏதோ கேட்டு, வாய் ஏதோ சொல்லிவிட்டதா? அவர் பயந்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவருக்கு வராத பயம் அது.

"நாலு மணி வரைக்கும் யாரும் அந்த வண்டியத் தொடக் கூடாது," என்றார். "நான் வரேன்."

சீனி முகம்மது கரண்டியைக் கீழே வைத்தார். "எங்கண்ணே?"

"பாலிக் புலாவ்."

"நீங்களா? நேர்ல போயா?"

"போய்தான், பாய்." தங்கராஜு எழுந்தார். அன்று பஸ்ஸில் மலைப்பாதையின் எந்த வளைவிலும் அவர் கால் அசையவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சுற்று, ஒரு சுற்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனார்.

கோயில் வாசலில் ரதம் தென்னங்குருத்தும் விளக்குமாக ஜோடித்து நின்றது. அதற்கு முன்னால் சிவப்பு டிராக்டர், மாலை போட்டு, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து நின்றது. அதற்கு முன்னால் கமிட்டியார் ஏழு பேரும் மஞ்சள் வேட்டியில் வரிசையாக நின்றார்கள். ரூபினி கொஞ்சம் தள்ளி, தண்ணீர்க் குழாய் ஓரமாக, தனியாக நின்றாள். கண் சிவந்திருந்தது. அவளைச் சுற்றி இரண்டு மூன்று பெண்கள் ஆறுதல் சொல்வதுபோல, பொம்பளைக்கு எதுக்கும்மா இதெல்லாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தங்கராஜு யாருக்கும் வணக்கம் சொல்லாமல் நேரே போய்க் கையால் பெடலை அழுத்தினார். இரண்டு விரல் அளவு சும்மா கீழே போக வேண்டும், அதற்குப் பிறகுதான் கனம் தெரிய வேண்டும். தொட்டதுமே கனம். அதாவது காலை எடுத்த பிறகும் யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் கிளச்சைப் பாதி மிதித்துக்கொண்டே இருக்கிறான். அப்படி இருந்தால் எந்த ஓட்டுநர் ஓட்டினாலும் வழுக்கத்தான் செய்யும், ஈப்போ மச்சானே வந்து ஓட்டினாலும் வழுக்கும்.

குனிந்து கம்பியைப் பார்த்தார். மரை தெரியவில்லை. அந்த இடத்தில் மஞ்சள் துணி சுற்றி, மஞ்சள் கொம்பு வைத்து முடிச்சுப் போட்டிருந்தது.

"என்னது இது?"

"காப்பு," என்றார் தலைவர். "நீங்க சுத்தச் சொன்னீங்கள்ல, சுத்திட்டுக் காப்புக் கட்டிட்டோம். திருவிழா முடியிற வரைக்கும் அவுக்கக் கூடாது."

"மரையில போய்க் காப்புக் கட்டுவாங்களா, தலைவரே!"

"அம்மன் வண்டிண்ணே."

தங்கராஜு நிமிர்ந்தார். கேட்டே ஆக வேண்டிய கேள்வியைக் கேட்டார். "நான் எத்தன சுத்து சொன்னேன்?"

"ஒண்ணு," என்றார் தலைவர் உடனே. "மீட்டிங் குறிப்புலயே எழுதியிருக்கேன். ஒரு சுற்று."

அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார் தங்கராஜு. அந்த மூச்சு முடிவதற்குள் அடுத்த குழப்பம் வந்தது. ஒன்றுதான் என்றால் இது எப்படி? "யாரு சுத்துனது?"

"நான்தான்," என்றார் தலைவர்.

"எத்தன?"

"ஒண்ணுதான். அளந்து."

"நானும் ஒண்ணுதான்," என்றார் செயலாளர்.

தங்கராஜு மெல்லத் திரும்பினார். "நீங்களும் சுத்துனீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. கூடச் சுத்தல."

"நானும் ஒரு சுத்துதாண்ணே," என்றார் பொருளாளர், கையை நெஞ்சில் வைத்து. நாலாமவர், மூட்டு வலியால் குனிய முடியாமல் மருமகனைப் பிடித்துக்கொண்டு சுற்றியதாகவும், அதுவும் ஒன்றுதான் என்றும் சொன்னார். ஐந்தாமவரும் ஆறாமவரும் ஆளுக்கு ஒன்று. ஏழாமவர் சத்தியம் செய்யவே முன்னால் வந்துவிட்டார். "கற்பூரத்த அணைச்சுச் சொல்றேன், எனக்கு ஒரு சுத்துக்கு மேல நகரவே இல்ல. நம்ம கையி அவ்வளவுதான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"அது நகராதுங்க. அதோட மரை முடிஞ்சு போச்சு," என்றார் தங்கராஜு. "ஏழு பேரு. ஆளுக்கு ஒண்ணு."

தலைவர் விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை பூஜை போட்டு, மணி அடித்து, வயது வரிசைப்படி சுற்றினார்களாம். அம்மனுக்குச் செய்கிற தொண்டு. ஒருவர் மட்டும் செய்தால் மற்றவர்களுக்கு மனக்குறை வரும். பால் அபிஷேகத்துக்கும் அப்படித்தான், கொடியேற்றத்துக்கும் அப்படித்தான், எல்லோரும் கை வைப்பதுதான் முறை. சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசி வாக்கியத்தின் நடுவில் தானே கணக்கைக் கேட்டுவிட்டார். விரல் விட்டு ஏழு எண்ணினார்.

"அந்தப் புள்ள எத்தன சுத்துச்சு?" என்று தங்கராஜு கேட்டார்.

குழாயடியிலிருந்து ரூபினிதான் சொன்னாள். "நான் கமிட்டியில இல்ல, அங்கிள். எனக்குச் சொல்லவும் இல்ல."

சந்திரசேகரன் தொண்டையைச் செருமினார். "இருந்தாலும் சுத்தச் சொன்னது நீங்கதானே?"

"ஆமா," என்றார் தங்கராஜு. சத்தமாகவே சொன்னார், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான்தான் சொன்னேன். எங்கயோ நாசி கண்டார் கடையில உக்காந்துகிட்டு, யாரு சுத்துவான்னு கேக்காமச் சொன்னேன். என் மேலயும் தப்பு இருக்கு, எழுதிக்குங்க. உங்க மேலயும் இருக்கு, அதயும் எழுதுங்க. அந்தப் புள்ள மேல இல்ல." சொல்லி முடித்ததும் அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, கொஞ்சம் இலேசாகவும் இருந்தது.

அப்போது மணி இரண்டே முக்கால். காப்பை அவிழ்க்கக் கூடாது என்ற சிக்கல் அப்படியே இருந்தது. பூசாரியைக் கூப்பிட்டார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு வந்து, குனிந்து பார்த்து, "அவுக்கக் கூடாதுன்னுதான் இருக்கு, நகத்தக் கூடாதுன்னு இல்லயே," என்று முழங்கையால் துணியைக் கம்பியோடு மேலே தள்ளிவிட்டுச் சோற்றுக்குத் திரும்பிப் போனார்.

மரை வெளிப்பட்டது. இனி ஏழு சுற்றையும் திருப்பி, முதலில் சொன்ன ஒன்றை மட்டும் வைத்தால் முடிந்தது. பத்து நிமிட வேலை என்று தங்கராஜு வாய்தவறிச் சொன்னார். அது அரைமணி நேரத் தகராறாயிற்று. ஆறு சுற்று போக வேண்டும், ஒன்று நிற்க வேண்டும். நிற்கப்போவது யாருடைய சுற்று?

"மொதச் சுத்து என்னுது. அதுதான் நிக்கணும்," என்றார் தலைவர்.

"கடைசியாச் சுத்துனதுதானே மேல இருக்கும்? மேல இருக்குறதத்தானே மொதல்ல அவுக்கணும்? அப்ப என்னுது போயிடுமா?" என்று ஏழாமவர் கண் கலங்கினார். நாலாமவர், தான் மூட்டு வலியோடு சுற்றியதற்கு ஒரு மதிப்பு இல்லையா என்றார். பொருளாளர் குலுக்கிப் போடலாம் என்றார். செயலாளர் தீர்மானம் வேண்டும் என்று குறிப்பேட்டை எடுத்துவர ஆள் அனுப்பினார். தன்னுடைய சுற்றைத் தானே திருப்புவேன், வேறொருவர் கை படக் கூடாது என்று ஆறாமவர் மரையருகே சம்மணம் போட்டு உட்கார்ந்தேவிட்டார். இதற்கிடையில் தலைவரின் அக்கா மகன் லோரியோடு வந்து சேர்ந்து, எங்கே கட்டுவது என்று கயிற்றை எடுத்துக்கொண்டு நின்றான்.

தங்கராஜு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். அவர் வாழ்நாளில் எத்தனையோ கோளாறு கேட்டிருக்கிறார், இப்படி ஒன்று கேட்டதில்லை.

"ரூபினி, இங்க வாம்மா," என்றார். "ஸ்பேனர எடு. எல்லாத்தயும் நீயே அவுரு. ஏழயும்."

"நானா அங்கிள்?"

"ஓட்டப்போறது யாரு? அவுரு. அவுத்துட்டு நீ ஒரு சுத்து சுத்து. அந்த ஒண்ணு நிக்கட்டும்."

"அவ கமிட்டியில..." என்று தொடங்கினார் செயலாளர்.

"அதனாலதான்," என்றார் தங்கராஜு. "உங்கள்ல யாரு சுத்து நின்னாலும் மத்த ஆறு பேருக்கு மனக்குறை வரும். இந்தப் புள்ள சுத்து நின்னா யாருக்கும் வராது." மனக்குறை என்ற சொல்லைக் கேட்டதும் சந்திரசேகரனால் மறுக்க முடியவில்லை. ஆறாமவரைக் கைகொடுத்து எழுப்பினார்கள்.

ரூபினி மண்ணில் முழங்காலிட்டாள். ஒன்று, இரண்டு என்று ஊரே எண்ணியது. ஒவ்வொரு எண்ணுக்கும் அதற்குரியவர் முகம் சுருங்கியது. ஏழு முடிந்ததும் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஒரே ஒரு சுற்றுச் சுற்றினாள். தங்கராஜு கையால் பெடலை அழுத்தினார். இரண்டு விரல் சும்மா போயிற்று, பிறகு கனம் வந்தது.

"ஏறு. பிரேக்க நல்லா மிதிச்சுக்க. மேல் கியர் போட்டுக் கிளச்ச மெதுவா விடு."

அவள் விட்டாள். டிராக்டர் ஒரு குலுங்குக் குலுங்கியது, எஞ்சின் இருமி, அப்படியே நின்றுபோயிற்று.

ஐயோ அம்மா என்று பெண்கள் வாயைப் பொத்தினார்கள். போச்சு என்றார் தலைவர். அக்கா மகன் கயிற்றைப் பிரித்தான். ரூபினி ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டாள்.

தங்கராஜு மட்டும் சிரித்தார். "அட, நிக்கணும்னுதான் போடச் சொன்னேன்! பிரேக்கும் கிளச்சும் சண்டை போட்டா எஞ்சின் சாகணும். சாகலன்னாத்தான் கிளச் வழுக்குதுன்னு அர்த்தம். இனிமே அம்மன இழுக்கும். தகடு கொஞ்சம் கருகியிருக்கும், திருவிழா முடிஞ்சு பிரிச்சுப் பாருங்க. லோரிய வீட்டுக்குக் கொண்டு போ, தம்பி."

ரூபினி தலையைத் தூக்கவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் விளங்கவில்லை.

ஆறரைக்கு நாதஸ்வரம் எழும்பியது. ரதத்தில் விளக்குகள் எரிந்தன, சாலையோரம் உடைக்கத் தேங்காய்கள் குவித்திருந்தன. சந்திரசேகரன் தட்டில் ஒரு சிவப்புப் பட்டுத் துணியைக் கொண்டுவந்தார். சரிகைக் கரை போட்ட பரிவட்டம். வருடத்துக்கு ஒருவருக்குத்தான் கட்டுவார்கள், போன வருடம் டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதருக்குக் கட்டினார்கள். அதை அவர் தங்கராஜுவின் தலையில் சுற்றி முடிச்சுப் போட்டு, நாலு பேர் படம் எடுக்கும்வரை முடிச்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றார். தங்கராஜுவுக்குத் தலை கூசியது. ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது.

ரூபினி மஞ்சள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். அம்மன் வண்டி என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு படியில் கால் வைத்தாள்.

"நில்லும்மா," என்றார் தங்கராஜு. மதிய வேலையில் பெடல் முழுக்கக் கிரீஸ் அப்பியிருந்தது, வெறுங்கால் வழுக்கும். அவர் சட்டைப் பையைத் தடவினார், கால்சட்டைப் பையைத் தடவினார், துணி ஒன்றும் இல்லை. தலைக்குக் கையைக் கொண்டுபோய்ப் பரிவட்டத்தை அவிழ்த்தார். கமிட்டி ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வலிக்கிற முழங்காலைத் தரையில் ஊன்றி, கிளச் பெடலை அந்தப் பட்டால் அழுத்தித் துடைத்தார். ஓரங்களையும் துடைத்தார். கறுப்பான துணியைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டு, அவள் ஏறுவதற்கு வழிவிட்டு எழுந்து நின்றார்.